ஆச்சி வீட்டு வழி

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகக்கூடிய ஒரு டவுன் பஞ்சாயத்தில். பெயருக்கு ஓவர்சியர். ஆனால் கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்ட வேண்டியதையெல்லாம் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே கட்டி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது மனிதர்கள் நடக்கிற இடம் மட்டும்தான். தெருவோர நடைபாதை, ஊருணிக்குப் போகும் கரைப்பாதை, பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் மண்பாதை. பள்ளம் விழுந்தால் நிரப்ப வேண்டும், தண்ணீர் தேங்கினால் வாட்டம் பார்த்து வடித்துவிட வேண்டும், கருவேலம் முளைத்தால் வெட்ட வேண்டும். பாலம் கட்டும் கனவோடு டிப்ளமோ முடித்து வந்தவனுக்கு இது சப்பென்றுதான் இருந்தது.

பாதை வேலையில் பெயர் வாங்கவும் முடியாது. பாதை நன்றாக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது. கால் இடறினால் மட்டும் ஓவர்சியர் எங்கே என்பார்கள். நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுவதும் ஊர்க்காரர் ஒருவர்கூட என்னை நிறுத்தி, பாதை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதை எதிர்பார்ப்பதை நானும் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

என் ஆரம்ப காலச் சண்டைகள் பந்தல்கால் குழிகளோடு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாசல் தெருவை அடைத்துக் கொட்டகை போடுவார்கள். அதற்கு நடைபாதையில் வரிசையாகக் குழி தோண்டுவார்கள். கல்யாணம் நடக்கும், சம்பந்திகள் ஊருக்குப் போவார்கள், கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். குழி மட்டும் அங்கேயே இருக்கும். மழை பெய்து தண்ணீர் நிரம்பிவிட்டால் குழி எது, பாதை எது என்று தெரியாது. ஒருமுறை நான் ஆளை அனுப்பி மூடச் சொன்னதற்கு அந்த வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"நல்ல காரியம் நடந்த குழிய அதுக்குள்ள மூடலாமா தம்பி?"

"வேற எப்ப மூடலாம்னு சொல்லுங்க, அப்ப மூடுறேன்" என்றேன்.

அவருடைய பேத்திக்கு வளைகாப்பு நடக்கும் வரையில் குழி அப்படியே கிடந்தது. வளைகாப்புக்கும் அதே குழிகளில் கால் நட்டார்கள். தோண்டும் வேலை மிச்சம் என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் இன்னொரு தெருவைப் பார்த்திருக்கும். இடையில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீடுகள் பக்கச் சுவரோடு பக்கச் சுவர் ஒட்டி வரிசையாக நின்றால், முன்தெருவில் இருப்பவன் பின்தெருவுக்குப் போக வழி கிடையாது. வரிசையின் கடைசி வரை நடந்து, ஊருணிக் கரை ஏறி, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் ஊரில் தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சந்தைப்பேட்டை எல்லாம் பின்தெருவில். பஸ் வருவது முன்தெருவில்.

சேர்ந்த புதிதில் ஆபீஸ் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குறுக்குச் சந்து எங்கே என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. எங்கள் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"இவ்வளவு தூரம் சுத்தியா எல்லாரும் போறாக?"

"எதுக்குச் சுத்தணும்? ஆச்சி வீட்டு வழி இருக்குல்ல" என்றார், இதுகூடவா தெரியாது என்கிற குரலில்.

வரிசையின் நடுவில் இருந்த ஒரு பெரிய வீட்டைத்தான் சொன்னார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் அந்த வீட்டின் முன்கதவும் பின்கதவும் திறக்கப்படும். ஊரார் முன்வாசலில் ஏறி, வீட்டுக்குள்ளேயே நடந்து, பின்வாசலில் இறங்கிப் போவார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், சந்தைக்குப் போகும் பெண்கள், சீருடைப் பிள்ளைகள், எல்லோரும். இதற்குச் சில ஒழுங்குகள் இருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வளவின் நடுவில் வானம் பார்த்துக் கிடக்கும் முற்றத்தில் இறங்கக் கூடாது, ஓரத்துத் தாழ்வாரப் பத்தியோடு போக வேண்டும். சைக்கிள் சக்கரம் தரையில் படக் கூடாது. தபால்காரர் தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைக் கடந்தார். அரசாங்கச் சொத்துக்கு இப்படி ஒரு மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் முன்வாசலில் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்திவிடுவார்கள். முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியே போய்விடக் கூடாது என்பது வழக்கம். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் ஊருணியைச் சுற்ற வேண்டியதுதான்.

அந்த வீட்டில் இருந்தவர் ஓர் ஆச்சி. அவர்கள் சமூகத்தில் கல்யாணமான பெண்களை ஆச்சி என்றுதான் ஊரே அழைக்கும், வயதைப் பார்க்காது. இவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கணவர் இறந்துவிட்டார். வீட்டில் பல பங்கு. மற்ற பங்காளிகள் சென்னையிலும் ஈப்போவிலும் இருந்தார்கள், அவரவர் அறைகள் பூட்டிக் கிடந்தன. மகனும் சென்னையில். சமையலுக்கு வரும் அம்மாள் மத்தியானத்தோடு போய்விடுவார். மிச்ச நேரம் முழுக்க ஆச்சி இரண்டாங்கட்டில் ஒரு தூணடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, பனையோலையில் கொட்டான் முடைந்துகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்.

பேசாமல் யாரும் அந்தத் தூணைத் தாண்ட முடியாது. செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்துவதைப்போல ஆளுக்கு ஒரு சேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் விடுவார். நான் முதல் தடவை போனபோது என் ஊர், என் அம்மாவின் ஊர், தங்கியிருக்கும் அறை, சாப்பிடும் மெஸ், அந்த மெஸ்ஸில் ரசம் எப்படி இருக்கும் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்வாசல் படி இறங்கும்போது என் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டிருந்தேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவருக்கு அந்த வழி எதற்கு என்பதை அவர் மறைத்ததே இல்லை. ஒருநாள் நேராகவே சொன்னார்.

"எம் மகன் வந்திருங்க வந்திருங்கன்னு மெட்ராசுல இருந்து எழுதிக்கிட்டே இருக்கான். அங்க போயி நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா? இங்குட்டு நாள் பூரா ஆள் வருது, போகுது. இது இருக்குற வரைக்கும் நானும் இருப்பேன் தம்பி."

அது வெறும் பேச்சில்லை. அந்த வளவில் நின்று பார்த்தால் தெரியும். பூட்டிய கதவுகள், தேக்குத் தூண்கள், மேலே மாடத்தில் புறா. மனிதக் குரல் ஒன்று இருந்தால்தான் அது வீடு.

அந்த வழி ஊருக்கே பொது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஊர் என்று அவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்பதை யாரும் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் பக்கத்து வட்டாரத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன், எனக்கு வழி உண்டு. துணி வெளுப்பவர்களுக்குக் கிடையாது, செருப்புத் தைப்பவருக்குக் கிடையாது. என் கீழ் வேலை பார்த்த தெருக்கூட்டும் பெண்ணுக்கும் கிடையாது.

அந்தம்மா என்னைவிட மூத்தவர். ஆபீஸில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டார்கள். விடியும்போது முன்தெருவைக் கூட்டத் தொடங்குவார். ஆச்சி வீட்டு வாசலையும் சேர்த்துத்தான். முடித்துவிட்டு, துடைப்பத்தையும் குப்பைக் கூடையையும் தூக்கிக்கொண்டு ஊருணிக் கரையைச் சுற்றி நடந்து பின்தெருவுக்கு வருவார். ஆச்சி வீட்டுப் பின்வாசலைக் கூட்டுவார். முன்வாசலில் நின்று பார்த்தால் அந்தப் பின்வாசல் வெளிச்சம் நேராகத் தெரியும். மழைக்காலத்தில் ஊருணிக் கரை கணுக்கால் சேறு. அந்தச் சேற்றையும் சரிசெய்ய வேண்டியவன் நான்தான், சரளை கொட்டிக்கொண்டே இருந்தேன், சேறு அதை விழுங்கிக்கொண்டே இருந்தது. அந்தம்மா இதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் முறையிட்டதில்லை. முறையிட்டு நடக்காது என்று தெரிந்தவர்களின் அமைதி அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆச்சி வீட்டுக்கு அடுத்த வீட்டைப் பிரித்தார்கள். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் கூரை ஒழுகி, ஒரு பக்கம் இறங்கிவிட்டிருந்தது. கதவு, நிலை, தூண், கண்ணாடி எல்லாம் லாரியில் ஏறிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரு பல் விழுந்த மாதிரி வெற்றிடம். இடிபாடும் முள்ளுமாகக் கிடந்தது.

எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. வந்ததிலிருந்து வரைபடத்தில் இல்லாத அந்தக் குறுக்குக் கோட்டை இப்போது போட்டுவிடலாம். ஒரு ஓரத்தை மட்டும் பொதுவழிக்கு விட்டுக்கொடுத்தால், மிச்ச மனையில் யாரும் ஆடு மாடு கட்டிச் சொந்தம் கொண்டாடாமல் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் என்று பங்காளிகளிடம் பேசினேன். ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் முறுக்கிக்கொள்வார். ஆனால் ஆடு மாட்டுப் பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு வழியாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பின்தெருக்காரர்களும் விளக்கு வைத்தபிறகு போக்குவரத்துக்கு வழியில்லை என்று மனு கொடுத்திருந்தார்கள். கவுன்சிலில் ஒருவரும் எதிர்க்கவில்லை.

எதிர்த்தது ஆச்சி மட்டும். ஆபீசுக்கு அவர் வரமாட்டார். ஆள் விட்டுக் கூப்பிட்டார், போனேன். அதே தூணடி, அதே பாய். காபி வந்தது.

"செவுத்தை ஒட்டி வழி போட்டா கள்ளன் வருவான் தம்பி" என்றார்.

"உங்க வீட்டுக்குள்ளயே ஊரு போகுது ஆச்சி. கள்ளன் வர்றதா இருந்தா அவனும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இப்படியே வந்திருப்பான்."

சிரித்தார். பிறகு, பாதைத் தண்ணீர் தேங்கிச் சுவரில் ஓதம் ஏறும் என்றார். சுவர்ப்பக்கம் உயர்த்தி எதிர்ப்பக்கம் வாட்டம் வைத்து, அங்கே ஒரு வாய்க்கால் எடுப்பேன், ஒரு சொட்டு இங்கே வராது என்றேன். ஆச்சி கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாதை வந்துட்டா இங்குட்டு ஒருத்தரும் வர மாட்டாக."

"உங்க வழியை யாரும் அடைக்கலையே. வர்றவுக வந்துக்கிட்டுத்தான் இருப்பாக."

"வர மாட்டாக தம்பி. இங்குட்டு வந்தா நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்ல" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிற ஒருவரிடம் என்ன வாதாட முடியும்? ஆனாலும் ஊருக்கு ஒரு வழி வேண்டாம் என்பதற்கு இதை ஒரு காரணமாக நான் எழுதி வைக்க முடியாது. அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ள வர முடியாதவுகளும் ஊர்ல இருக்காக இல்லையா ஆச்சி? அவுகளுக்கும் வழி வேணும்ல."

"அது ஊர் வழக்கம். நான் போட்டதா?" என்று கேட்டுவிட்டு ஓலையை மறுபடியும் எடுத்துக்கொண்டார். காபி ஆறிவிட்டது, குடித்துவிட்டு வந்தேன்.

பாதை வேலை சித்திரையில் தொடங்கியது. தோண்டத் தோண்டப் பழைய வீட்டின் கடக்கால் வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை, கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். பெயர்க்க முடியாத இடங்களில் அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டேன். மேலே சரளை கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, இரண்டு ஓரமும் செம்பூரான் கல் பதித்தோம். ஆச்சிக்குக் கொடுத்த வாக்குப்படி வாட்டத்தை அவர் சுவருக்கு எதிர்ப்பக்கம் வைத்தேன். அதில் நான் எடுத்துக்கொண்ட சிரத்தை வேறு எந்தப் பாதைக்கும் எடுத்துக்கொண்டதில்லை. ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்ப்பதைக் கண்டு மேஸ்திரி, "தண்ணிக்குத் தெரியும் சார், அது கீழதான் போகும்" என்று அலுத்துக்கொண்டார்.

வேலை நடந்த நாட்களில் ஆச்சி தினமும் காபி கொடுத்தனுப்பினார். வேண்டாத பாதைக்கு எதற்கு உபசாரம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அது அவருடைய சுபாவம். வீட்டை ஒட்டி ஆட்கள் வெயிலில் வேலை செய்யும்போது சும்மா இருக்க அவரால் முடியாது. எனக்கு டபரா தம்ளரில், மற்றவர்களுக்கு அலுமினியத் தம்ளரில். சிரட்டையில் இல்லாமல் தம்ளரில் வருகிறதே என்று மேஸ்திரி சொன்னார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

திறப்பு விழாவில் சேர்மன் ரிப்பன் வெட்டினார். நாலு எட்டு வைத்தார், போட்டோ எடுத்தார்கள், திரும்பி வந்து ஜீப்பில் ஏறி ஊருணியைச் சுற்றிப் பின்தெருவில் நடந்த டீ பார்ட்டிக்குப் போனார். அவரைத் தவிர மற்ற எல்லோரும் அன்று பாதையில் நடந்தார்கள். துடைப்பமும் கூடையுமாக அந்தம்மாவும் நடந்தார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை போய், நின்று, திரும்பி ஒருமுறை பார்த்தார். நான் எனக்குள் சந்தோஷப்பட்டேன். வேலைக்கு வந்ததிலிருந்து நான் செய்தவற்றில் இது ஒன்றுதான் ஒரு மனிதருடைய நாளைக் கண்ணெதிரே மாற்றியது.

ஆச்சி சொன்னது அப்படியே நடந்தது. முதலில் கட்சி மாறியவர் தபால்காரர். சைக்கிளைத் தோளில் சுமந்தவர், அதன் மேல் ஏறி உட்கார்ந்து பாதையில் மணியடித்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு வாத்தியார்கள். அவர்களுக்கு மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், ரசம் எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பிள்ளைகளுக்குச் செருப்பைக் கழற்றுகிற வேலை மிச்சம். பெண்கள் மட்டும் கொஞ்ச நாள் வீட்டு வழியிலேயே போனார்கள். ஒருத்தி பாதையில் போனதும் பேச்சுத்துணைக்கு மற்றவர்களும் அவளோடு போய்விட்டார்கள்.

ஆச்சி சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஊரார் செருப்புக்காகத்தான் வரவில்லை என்று முடிவு செய்து, செருப்பைப் போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுத் தரையில் செருப்புக் காலோடு நடக்க யாருக்கும் கால் வரவில்லை. அனுமதி கிடைத்த பிறகு இன்னும் கூச்சமாகிவிட்டது. அடுத்து, வெயில் தொடங்கியதும் இரண்டாங்கட்டில் ஒரு பானை நீர்மோர் வைத்தார். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். கூட்டம் வந்தது. ஆனால் பாதையில் வந்து, பின்வாசலில் ஏறி, மோரைக் குடித்துவிட்டு, வந்த பின்வாசலிலேயே இறங்கிப் பாதைக்குப் போய்விட்டார்கள். மோர் குடிக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் விழுங்கிக்கொண்டே தலையாட்டுவார்கள், அதில் சேதி ஏது? சில நாட்களில் பானையைத் திரும்ப அடுக்களைக்கு எடுத்துப் போய்விட்டார்.

நானும் அவ்வப்போது வீட்டு வழியில் போனேன். அடிக்கடி போனேன் என்று சொன்னால் பொய். நுழைந்தால் வெளியே வர அரைமணி நேரம் ஆகும். ஊரில் சேதி சொல்ல ஆளில்லாததால் எல்லாக் கேள்வியும் என் ஒருவன் தலையில் வந்து விழுந்தது. யார் வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வீட்டு முன்னால் சாக்கடை அடைத்திருக்கிறது என்பதுதான். அதையும் கேட்டுக்கொள்வார்.

பாதை திறந்த வருஷமே மகன் வந்துவிட்டுப் போனார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை, அமைதியான மனிதர். பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு என்னிடம், நல்ல வேலை என்றார். என் வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அம்மாவை அழைத்துக்கொண்டு போகத் தனக்கு இனிமேல் தடையில்லை என்ற நிம்மதியில் சொன்னது. ஆச்சி, அடுத்த தையில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருந்தார். தை போய், மாசியும் போய், பங்குனியும் பிறந்துவிட்டது.

அப்போதுதான் இது நடந்தது. பங்குனி வெயில், முற்பகல். பாதையோர வாய்க்காலில் சருகு அடைத்திருந்ததால் அதைச் சுத்தம் செய்யச் சொல்லி, முன்தெரு முனையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தம்மா முன்தெருவைக் கூட்டி முடித்துவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையை நோக்கி வந்தார். ஆச்சி முகப்புப் படியில் வந்து நின்றார். இரண்டாங்கட்டுத் தூணை விட்டு அவர் வாசலுக்கு வந்து நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏத்தா" என்று கூப்பிட்டார்.

அந்தம்மா நின்றார். குப்பை ஏதும் மிச்சம் கிடக்கிறதோ என்று வாசலைத்தான் முதலில் பார்த்தார்.

"இந்த வெயில்ல ஏன் அங்குட்டுப் போறே? இப்படி உள்ள வந்து போ."

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் உடனே புரியவில்லை. ஆச்சி கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்.

"உன்னையத்தான் சொல்றேன். கூடையோட வா, பரவாயில்ல. நிழலா இருக்கும். மோர் குடிச்சிட்டுப் போ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, நான் பாத்துக்கிறேன்."

தெருவில் அப்போது வேறு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் ஆச்சி சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தில் தயக்கம் எதுவும் இல்லை. பெரிய காரியம் செய்கிற பெருமையும் இல்லை. ஒரு ஆள் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. அந்தம்மா அந்தப் படியில் ஏற வேண்டும் என்று நான் விரும்பினேன். அந்தம்மாவுக்காக விரும்பினேனா, ஆச்சிக்காக விரும்பினேனா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அந்தம்மா திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். அவ்வளவு வருஷமும் அந்த வாசலைக் கூட்டியவர் தலை நிமிர்ந்து உள்ளே பார்த்து நான் கண்டது அன்றுதான். பத்தி, தூண்கள், அதற்கப்பால் பின்வாசல் வெளிச்சம். நன்றாகவே பார்த்தார். பிறகு கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டார்.

"இருக்கட்டும் ஆச்சி. எனக்குத்தான் பாதை இருக்கே. இங்குட்டே போயிக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. இலையில் போதும் என்று கை காட்டுகிறவர்கள் சொல்வதைப்போலச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பாதையில் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து, பின்தெருவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து துடைப்பச் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடவில்லை, பார்க்க ஒன்றும் இல்லை. ஆச்சி படியை விட்டு நகரவில்லை.

"நான் அவளை முந்தியே கூப்பிட்டிருக்கணும், இல்லையா தம்பி?" என்றார்.

"ஆமா ஆச்சி" என்றேன். ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், வரவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தெருவை ஒருமுறை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தார்.

"அப்பல்லாம் வீடு நெறைய ஆள் வந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். "தோணல."